சிறகொடிந்ததுபோல் ஓடும் அந்தப் பறவை

வணக்கம். கடலோர வீட்டின் முன்னுள்ள மணல்வெளியில் ஒரு சிறு பறவை சிறகொடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடியதாகவும், நீங்கள் பின்தொடர்ந்ததும் பறந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் விவரித்த வெளிறிய நிறத்தையும் விட்டுவிட்டு ஓடும் நடையையும் பார்த்தால், அது உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். அதற்குக் காயம் ஏதும் இல்லை, முட்டையிலிருந்தோ குஞ்சிலிருந்தோ உங்களைத் திசைதிருப்ப அது நடித்திருக்கிறது.

இப்பறவைகள் மணலில் ஒரு சிறு பள்ளத்தைத் தோண்டி, கூழாங்கல்லிலிருந்து பிரித்தறிய முடியாத முட்டைகளை இடுவதால், கூட்டைத் தேடி நடப்பதே அதை மிதிக்கும் வழியாகிவிடுகிறது. கோடை வெயிலில் தாய் விலகி நிற்கும் சில நிமிடங்களிலேயே முட்டை அளவுமீறிச் சூடாகலாம் என்பதால், அது வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து அமர்வதும் உண்டு. (தொலைவிலிருந்து பொறுமையாகக் காத்திருந்தால் காணக்கிடைக்கும் அருமையான காட்சி இது.) ஆகவே அடுத்த முறை அது நடிக்கத் தொடங்கியதும், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள், நாயை அப்பக்கம் விடாதீர்கள்.

பார்ப்பதற்கு உங்கள் வீட்டுத் திண்ணையே போதும். 8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி போதுமானது. அதைவிடச் சக்திவாய்ந்தது சூடான மணலிலிருந்து எழும் கானலையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். மணல் சூடேறுமுன், விடியற்காலையில், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு அமருங்கள். கடல்நீர் ஏறும் நேரமாக இருந்தால், சேற்றில் இரைதேடும் பறவைகள் தாமாகவே கரையை நோக்கி நெருங்கி வரும்.