தென்னந்தோப்பில் குஞ்சுகளைப் பருந்து தூக்குகிறது, என்ன செய்வது?

கேள்வி: தென்னந்தோப்பில் நாட்டுக்கோழிகளை மேயவிட்டு வளர்க்கிறேன். இன்குபேட்டரில் பொரித்த 40 குஞ்சுகளை மூன்றாவது வாரத்தில் வெளியே விட்டேன். பத்தே நாளில் 13 குஞ்சுகள் போய்விட்டன. பழைய சிடி தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டும் பயனில்லை. வழி சொல்லுங்கள்.
– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

பதில்: முதலில், தூக்கியது யார் என்று பாருங்கள். பட்டப்பகலில் தடயமே இல்லாமல் குஞ்சு மறைந்தால் பெரும்பாலும் கரும்பருந்து. வால் நுனி லேசாகப் பிளந்திருக்கும், மேலே வட்டமடித்துத் திறந்த வெளியில்தான் பாயும். மரத்தடியில் பிய்த்துப்போட்ட இறகு குவிந்து கிடந்தால் வல்லூறு. புறா அளவுதான் இருக்கும், ஆனால் இலை மறைவில் உட்கார்ந்திருந்து தாழப் பறந்து அடிக்கும். இரண்டு மூன்று வாரக் குஞ்சைக் காக்கையும் விடாது. இரவில் கோழி செத்து ரத்தம் சிந்திக் கிடந்தால் பருந்தைத் திட்டாதீர்கள். மரநாய், காட்டுப்பூனை போன்றவற்றின் வேலை அது. அதற்குக் கூண்டின் அடைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

உங்களுக்கு இவ்வளவு இழப்பு வந்ததற்குக் காரணம் தாய் இல்லாததுதான். வானத்தில் நிழல் தெரிந்ததுமே தாய்க்கோழி அடித்தொண்டையில் குரல் கொடுக்கும், குஞ்சுகள் இறக்கைக்குள் பாய்ந்துவிடும். இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்தக் குரலைக் கொடுக்க யாருமில்லை. ஆகவே அவற்றை எட்டு வாரம்வரை திறந்த தோப்பில் விடக்கூடாது.

மீதி இருக்கும் 27 குஞ்சுகளுக்கு 10க்கு 10 அடி அடைப்பு போதும். உயரம் ஆறரை அடி வையுங்கள், நீங்கள் நிமிர்ந்து நடக்கலாம். சுற்றிலும் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை, அதில் அரை அடியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், கீரி தோண்டி வராது. அதற்கு மேலே பழைய மீன்வலை போதும். கூரைக்கும் அதே வலைதான், கண் இரண்டு அங்குலத்துக்கு மிகக் கூடாது. நரம்பு போன்ற மெல்லிய ஒற்றை இழை வலை வேண்டாம், பறவைகள் சிக்கிச் சாகும். முறுக்கிய நூல் வலையாகப் பார்த்து வாங்குங்கள். மூலைக்கு மூலை கம்பி இழுத்து அதன்மேல் வலையை விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் சருகு சேர்ந்து கனத்தால் பள்ளம் விழும், பருந்து அதன்மேல் உட்கார்ந்து குஞ்சுகளை மிரட்டும்.

தோப்பில் இன்னொரு தொல்லை, மட்டை. அடைப்பை நான்கு மரங்களுக்கு நடுமையத்தில் போடுங்கள். 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால் மையம் ஒவ்வொரு மரத்திலிருந்தும் 17 அடிக்கு மேல் தள்ளி இருக்கும். மட்டையும் காயும் அங்கே விழுவது குறைவு.

பெரிய கோழிகள் மேயும் இடத்தில் 15, 20 அடிக்கு ஒன்றாகத் தாழ்ந்த பந்தல் வையுங்கள். நான்கு குச்சி, மேலே கீற்று, உயரம் ஒன்றரை அடி, இரு பக்கமும் திறப்பு. ஒரே வாசல் இருந்தால் உள்ளே கீரி மடக்கிவிடும். தீவனம், தண்ணீர் இரண்டும் பந்தலுக்கு அடியில்தான். வெட்டவெளியில் இரைத்தால் பருந்துக்கு நாமே விருந்து வைப்பதுபோல. கோழிக்குடல், மீன்கழிவைக் குப்பையில் வீசாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கரும்பருந்து அந்தக் கழிவைக் கண்டு பழகித்தான் தினமும் வட்டமிடும்.

சிடி தட்டு, மினுக்கும் நாடா, கறுப்புத் துணி எல்லாம் சில நாளைக்குத்தான். ஒரே இடத்தில் தொங்கினால் பருந்து பழகிவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜனவரி முதல் கோடை முடியும்வரை கூட்டில் குஞ்சு இருக்கும் காலம். அப்போது ஒரே பறவை திரும்பத் திரும்ப வரும். கல்லெறிவது, விஷம் வைப்பது கூடாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை.

அடுத்த ஈட்டில் பொரித்த ஒன்றிரண்டு நாளுக்குள், இரவில், அடைகாக்கும் கோழிக்கு அடியில் 12 குஞ்சுகளைச் செருகிப் பாருங்கள். காலையில் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் முதல் வாரம் மாலையில் பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பு மட்டும் திறந்துவிடுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். அன்றைய மாலைத் தீவனத்தை அடைப்புக்குள் வைத்தால் தானாகத் திரும்பி வரும்.