ஒரே வானத்தில் குழந்தையும் கிழவியும்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நட்சத்திரம் எப்படிப் பிறக்கும், எப்படிச் சாகும் என்று தினமும் கேட்கிறாள். வீடியோ காட்டினால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறாள். மொட்டை மாடியில் நின்று காட்ட வழி உண்டா? டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். ஜனவரி மாதம் இரவு எட்டு மணிக்கு மாடிக்கு ஏறி, கிழக்கே பார்த்து நில்லுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். ஓரையன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது.

ஒரு நட்சத்திரத்தின் முழு ஆயுளையும் யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் கல்யாண மண்டபத்தில் ஒரே பார்வையில் கைக்குழந்தையும் பாட்டியும் கண்ணில் படுவார்கள் இல்லையா, அந்த மாதிரி இந்த ஒரு துண்டு வானத்தில் எல்லா வயதும் இருக்கிறது.

பட்டைக்கு வலப்பக்கம் மங்கலாக ஒரு திட்டு தெரியும். பைனாகுலர் இருந்தால் புகை மாதிரி இருக்கும். சுமார் 1,300 ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஒரு ஒளியாண்டு) தூரத்தில் உள்ள ஓரையன் நெபுலா என்ற மேகம் அது. அங்கே வாயுவும் தூசும் தம் ஈர்ப்பிலேயே சுருங்கிச் சூடேறி, இப்போதும் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. நடுப்பகுதி ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் அது நட்சத்திரம் ஆகிறது. நம் சூரியன் 460 கோடி ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுக்குச் சரக்கு இருக்கிறது.

பட்டைக்கு இடப்பக்கம் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. வலப்பக்கம் நீலவெள்ளையாக இருப்பது ரைஜல். சிவப்புதான் அதிகச் சூடு என்று குழந்தை சொல்வாள். கொல்லன் காய்ச்சும் இரும்பைச் சொல்லுங்கள்: முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும். (கேஸ் அடுப்பின் நீலத்தைக் காட்டிவிடாதீர்கள், அந்த நிறத்துக்குக் காரணம் வேறு.)

இப்போது முக்கியமான விஷயம். திருவாதிரைக்குச் சூரியனைவிட வயது மிகக் குறைவு, சுமார் ஒரு கோடி ஆண்டுதான். ஆனாலும் அதுதான் சாகக் கிடக்கிறது! எடை அதிகமாகப் பிறந்த நட்சத்திரம் எரிபொருளைத் தாறுமாறாகச் செலவழித்துவிடும். கடைசியில் நடுப்பகுதி இரும்பாகிவிட்டால் அதற்கு மேல் ஆற்றல் கிடைக்காது, நொறுங்கி வெடிக்கும். மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம் என்ற மிக அடர்ந்த சின்ன உருண்டை, அல்லது ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளை. திருவாதிரை வெடிக்க ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். நமக்கு ஆபத்தில்லை, தூரம் அதிகம். 1054இல், கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலத்தில், ரிஷப ராசிப் பக்கம் ஒன்று இப்படி வெடித்தது. பட்டப்பகலிலும் 23 நாள் தெரிந்ததாகச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாமே வெடிக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சூரியன் வெடிக்காது. பட்டையின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி வரும். எடையில் ஏறக்குறைய சூரியன் மாதிரிதான், முதுமையில் 40 மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. சூரியனின் வருங்காலமும் இதுதான். பிறகு வெளியுறை கலைந்து போய், பூமி அளவே உள்ள வெண்குள்ளன் மிஞ்சும். கோட்டைக் கீழே நீட்டினால் வரும் சிரியஸுக்கு அப்படி ஒரு துணை உண்டு, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டில் எடை அதிகமாகப் பிறந்தது அதுதான், அதனால் முந்திக்கொண்டது. வெண்குள்ளன் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்காது என்று கணக்குப் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார், வயது 19.

அப்புறம், நடுவில் எரிகல் ஒன்று சர்ரென்று போனால், "நட்சத்திரம் செத்துப்போச்சு" என்பாள். அது பெரும்பாலும் மணல் அளவுத் துகள், நம் காற்றில் உரசி எரிகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாடி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். அதுவரை செல்போனை எடுக்க வேண்டாம்.