கையில் அதிகப் பணம் இல்லாமல் மகனை மீன்பிடிக்க அழைத்துச் சென்று, அவன் மறக்காத நாளாக அதை ஆக்குவது எப்படி?

தூண்டிலை அவன் கையிலிருந்து பிடுங்காதீர்கள். செலவு, இடம், இரை எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை முதல் வரியாக எழுதக் காரணம், நான் பிடுங்கியவன்.

உங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை என்று எடுத்துக்கொள்கிறேன். மகனுக்கு எட்டோ பத்தோ வயதிருக்கும். யாரோ பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு, ‘நாமும் போகலாமா அப்பா?’ என்று கேட்டிருப்பான். ரீல் வைத்த தூண்டிலின் விலையைப் பார்த்துவிட்டு நீங்கள் இங்கே வந்திருப்பீர்கள். என் வீட்டில் அப்படிக் கேட்டது மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நான் தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன்.

முதல் முறை போனது காலாண்டு விடுமுறையில். 1,900 ரூபாய்க்கு ரீல் தூண்டில், வாடகைக் கார், மதியம் ஓட்டல் சாப்பாடு என்று 5,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீரில் தக்கை (தூண்டிலில் கட்டுகிற மிதவை) நிற்காது, இரை தரை தொடாது என்பது கிராமத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. கார் வந்துவிட்டது, காசு கொடுத்தாகிவிட்டது, அதனால் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணி நேரம் ஒன்றுமே கொத்தவில்லை. பெரும்பாலான நேரம் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்தான். நான் புளிய மரத்தடியில் கைப்பேசியோடு இருந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். ‘அப்பா, இழுக்கிறது!’ என்று கத்தினாள். ஓடிப்போய் அவள் கையிலிருந்து கழியை வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுவது பொய். பிடுங்கினேன். அவள் இரண்டடி பின்னால் போய் நின்றாள். அரைக் கிலோ இருக்கும், நல்ல கெண்டை. கரையில் போட்டு, செவுளில் விரல் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கைப்பேசியை அவளிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நானும் மீனும் இருக்கிறோம். கீழ் ஓரத்தில், மணலில், கையை உயர்த்திக்கொண்டு நிற்கிற சின்ன நிழல் ஒன்று விழுந்திருக்கிறது. அதுதான் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா கேட்டாள், ‘மீன் கிடைத்ததா?’ ‘அப்பா பிடித்தார்’ என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள். அழவில்லை, கோபமும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய மீன் இழுத்தால் பிள்ளை ஆற்றில் விழுந்துவிடுவாளே, அதனால் வாங்கியிருப்பீர்கள் என்று யாராவது எனக்காகப் பரிந்து எழுதலாம். வேண்டாம். மீன் தப்பிவிடுமோ என்ற பதற்றத்தில்தான் பிடுங்கினேன். ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு மீனாவது வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். செலவு கூடினால் அப்பனின் கை சும்மா இருக்காது. செலவைக் குறையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இரண்டாவது முறை போனது பிப்ரவரியில். டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரராக இருந்தால் உங்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து முன்பின் ஆகும். மூடிய பிறகு ஆறுகள் மெல்ல வடிந்து, பாலத்தடியிலும் மதகடியிலும் மடுமடுவாகத் தண்ணீர் தேங்கும். ஆற்றில் இருந்த மீன் அத்தனையும் அந்த மடுக்களில் வந்து அடையும். ஓட்டம் இல்லை, தக்கை அசையாமல் நிற்கும், பிள்ளைக்கு அது ஆடுவது கண்ணுக்குத் தெரியும். குழந்தையோடு தூண்டில் போட இதைவிட நல்ல காலம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

ரீல் தூண்டில் பரணில் கிடக்கிறது. இந்த முறை என் அண்ணன் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூங்கில் கழி வெட்டினேன். அவளுக்கு ஆறடி, எனக்கு எட்டடி. கழி எவ்வளவு நீளமோ தூண்டில் நரம்பும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். அப்போதுதான் தூக்கியதும் மீன் ஊசலாடி நேராகப் பிள்ளையின் கைக்கு வரும். தூண்டில் முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண் கூடக்கூட முள் சிறியதாகும். பத்தாம் எண்ணோ பன்னிரண்டோ போதும். நுனிக்குக் கீழே எதிர்ப்புறமாகத் திரும்பியிருக்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் கூடுதலாகத் தப்பும். ஆனால் முள் பிள்ளையின் விரலில் ஏறினால் வந்த வழியே கழன்று வரும். சின்ன மீனைத் திரும்ப ஆற்றில் விடும்போது அதன் வாயும் கிழியாது.

இரை தேடுவதைத் தயவுசெய்து நீங்களே முடித்துவிடாதீர்கள். முதல் நாள் மாலை துவைக்கிற கல்லை நான் புரட்ட, அடியில் இருந்த ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்தது அவள்தான். முதலில் குச்சியால் தள்ளினாள், பிறகு விரலால். கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண் போட்டு, புழுக்களை விட்டு, வாழை இலைத் துண்டால் மூடி, இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள். புழுவுக்கு முகம் சுளிக்கும் பிள்ளையானால் மைதா மாவில் துளி பஞ்சு சேர்த்துப் பிசைந்து கொடுங்கள், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. கெண்டை அதற்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திருவையாறு போகும் நகரப் பேருந்தில் ஏறினோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் அவளுக்குச் செலவே கிடையாது. உங்கள் மகனுக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற வழியில் ஐந்து ஆறுகள் வரும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. இந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. அவள் சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு விரல் மடக்கினாள். நான்காவது பாலத்தருகே இறங்கினோம். ‘அப்போது ஐந்தாவது?’ என்றாள். ‘மீன் பிடித்துவிட்டு அதைப் பார்க்கப் போவோம்’ என்றேன்.

மடுவில் ஏற்கெனவே ஒரு பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போய் உட்காராமல், ‘ஐயா, இங்கே போடலாமா?’ என்று கேட்டேன். இதை நீங்களும் செய்யுங்கள். மகன் எதிரில் கேளுங்கள். ஆறாக இருந்தாலும் கேளுங்கள். ஏரி, குளமாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள், அங்கெல்லாம் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். பெரியவர், ‘பாப்பா எனக்கு இந்தப் பக்கம் உட்காரட்டும். மீன் கரையோரமாகத்தான் மேய்கிறது’ என்றார்.

புழுவை அவளே கோத்தாள். மூன்று முறை நழுவியது. என் கை இரண்டு முறை தானாக நீண்டது, மடக்கிக்கொண்டேன். தக்கையாக நெட்டித் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தோம். அது தண்ணீரில் நின்றது, லேசாக நடுங்கியது, மறுபடி நின்றது. பிறகு படுத்தது. பிறகு ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ‘இப்போதா அப்பா?’ என்று தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். ‘நீயே பார்த்துக்கொள்’ என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தக்கை முழுசாக அமிழ்ந்தது. சுண்டினாள். வெறும் முள் வந்தது. புழுவைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

‘கொஞ்சம் முந்திவிட்டேன்’ என்று அவளே சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு புழுவை எடுத்தாள்.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ ஒரு கெளுத்தி வந்தது. அவள் கையளவுகூட இல்லை. ஆனால் கழியைக் கீழே போட்டுவிட்டு அவள் போட்ட சத்தத்தில் பாலத்தில் போன சைக்கிள்காரர் நின்று எட்டிப் பார்த்தார்.

கெளுத்தியில் ஓர் எச்சரிக்கை. முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு. பிடித்ததும் விறைத்து நிற்கும், குத்தினால் கடுக்கும். ஈரத் துணியால் தலைப்பக்கம் அழுத்திப் பிடித்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். அந்த ஒன்றை மட்டும் நான் செய்தேன். குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். நான் பிடித்துக்கொண்டிருந்தபோது கெளுத்தி கத்தியது. ‘க்ரிக் க்ரிக்’ என்று, பழைய கதவுக் கீல் போல. அவள் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டாள். மீனின் மீசை அவள் கன்னத்தில் பட்டது. அவள் விலகவில்லை. ‘பேசுகிறதா?’ என்று கேட்டாள். பக்கத்து முட்களின் அடியை எலும்போடு உரசி அது எழுப்புகிற சத்தம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஒன்பதரை மணிக்குள் அவளுக்கு ஏழு, எனக்கு மூன்று. சின்னதாக இருந்த நான்கை அவளே திரும்ப விட்டாள். கொண்டுபோன புளிச்சாதத்தைப் பெரியவரோடு பங்கிட்டுச் சாப்பிட்டோம். பிறகு ஐந்தாவது பாலத்தைத் தாண்டித் திருவையாற்றுக்குப் போய், 40 ரூபாய்க்கு அசோகா (பாசிப்பருப்பில் செய்கிற அல்வா) வாங்கி, காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து தின்றோம். கணக்குக் கேட்டீர்களே: நரம்பு, முள், ஈயம் 55, போக வர என் டிக்கெட் 24, அசோகா 40, எலுமிச்சை சோடா 20. ஆக 139 ரூபாய். சாயங்காலம் அவள் அம்மா கேட்பதற்கு முன்பே, ‘நான் பிடித்தேன்’ என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு போனாள்.

இதோடு நிறுத்தலாம். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து ஒரு விஷயம் நெஞ்சில் நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த மாதம் பள்ளியில் ‘நான் சென்ற இடம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஐந்து ஆறுகளின் பெயரும் வரிசையாக, பிழையில்லாமல். ‘கெளுத்தி மீன் கத்தும்’ என்று ஒரு வரி. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘மீன் கத்தாது’ என்று எழுதி, இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். மதிப்பெண்ணுக்காக நான் பள்ளிக்குப் போகவில்லை. போய், கெளுத்தி சத்தம் போடும், குளத்தங்கரை ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். ‘பாடப் புத்தகத்தில் இல்லையே, சார்’ என்று பதில் வந்தது. கூடவே, ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு வகுப்புக்கு அவள் வராததைப் பற்றியும் கேட்டார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன சிறப்பு வகுப்பு? ஆற்றங்கரையில் காது வைத்துக் கேட்ட பிள்ளையிடம், நீ கேட்டது தவறு என்று சொல்வதற்கா? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் சிவப்பு மைக்குக் கீழே பென்சிலால், பொடி எழுத்தில், ‘நான் கேட்டேன்’ என்று அவள் எழுதி வைத்திருப்பதைப் பிறகு பார்த்தேன்.

உயிரை வதைக்கக் கற்றுக்கொடுக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். கடையில் வெட்டி வைத்த துண்டை மட்டும் பார்த்து வளர்வதைவிட, மீனைக் கையில் வாங்கி, சின்னதைத் திரும்ப விட்டு வளர்வது மேல் என்பது என் எண்ணம். பெண் பிள்ளையை வெயிலில் அலைய விடுகிறாயே என்று சொன்ன உறவினருக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன், இங்கே திரும்ப எழுதவில்லை. எல்லாருக்கும் ஆறு பக்கத்திலா இருக்கிறது என்பீர்கள். இருக்காது. குளமோ கழிமுகமோ எதுவானாலும், பிள்ளையின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கிற இடத்தில் அவனை இறங்க விடாதீர்கள். அணை, மதகு திறந்து தண்ணீர் வரும் காலத்தில் போகவே போகாதீர்கள். மணல் அள்ளிய ஆற்றில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பழகியவர்களுக்கே தெரியாது. மீன் தப்பினால் தப்பட்டும், நான் பதறச் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்.

டெல்டாப் பக்கம் வருவதாக இருந்தால் பிப்ரவரி இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாருங்கள். முந்தினால் தண்ணீர் வடிந்திருக்காது, பிந்தினால் மடு கலங்கிச் சேறாகிவிடும். அவனுக்கென்று கழி வெட்டும்போது இன்னொன்றும் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் கழியை எப்படியும் உடைப்பான்.