பல் பக்கம்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: டொக்டர், நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 7 வகுப்பாசிரியை. போன மாதம் இடைவேளையில் ஈரப் படியில் வழுக்கி விழுந்த மாணவனுக்கு மேல் முன்பல் பாதியாக உடைந்துவிட்டது. "வலி இல்லைதானே டீச்சர், பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் அம்மா. இப்படி அடிபடுவது அரிதுதானே? நாங்கள் என்ன செய்யவேண்டும்?
- ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: அரிது என்று சொல்லவே முடியாது டீச்சர். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, 12 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 18 சதவீதமானோருக்கு நிரந்தரப் பல்லில் அடிபட்டிருக்கிறது. 40 பேர் வகுப்பென்றால் ஏழு பேர். நாளைக்கு உங்கள் வகுப்பைக் கொஞ்சம் சிரிக்கவைத்துப் பாருங்கள். முனை சிதறிய பல், சாம்பல் நிறமாகிப்போன பல், கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற பிள்ளை எல்லாம் கண்ணில் படும். பெரும்பாலும் பையன்கள்தான், அடிபடுவதும் அநேகமாக மேல் வரிசை நடுப்பற்கள்தான். பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூட.

அந்தப் பையனின் பல்லை வெளிச்சத்தில் பாருங்கள். உடைந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பல்லின் உள் அடுக்கு திறந்திருக்கிறது. நடுவில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளி இருந்தால் நரம்பே வெளியே வந்துவிட்டது. வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையவேண்டாம். நரம்பு செத்துப்போனாலும் வலிக்காது; பல மாதம் கழித்து ஈறில் சீழ்க்கட்டி வந்த பிறகுதான் என்னிடம் கூட்டிவருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தள்ளிப்போடாமல் கூட்டிவரச் சொல்லுங்கள். 13 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலேயே முதலில் காட்டலாம், காசு கேட்கமாட்டார்கள். உடைந்த துண்டு கிடைத்திருந்தால் அதையும் கொண்டுவரட்டும், பல நேரம் அதையே ஒட்டிவிடலாம்.

அடுத்த முறை பல் முழுதாகவே கழன்று விழலாம். அப்போது எல்லாம் உங்கள் கையில்தான். வேர் காய்ந்தால் அதன்மேல் ஒட்டியிருக்கிற உயிரணுக்கள் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். உங்கள் பக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஹட்டனுக்கு வருவதற்குள்ளேயே அந்த நேரம் ஓடிவிடும். அதனால் பல்லின் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடவேண்டாம், தேய்க்கவேண்டாம். மண் பட்டிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில விநாடி அலசி, முன்பின் பார்த்து அதே குழியில் வைத்து, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பசும்பாலில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். தண்ணீரில் ஊறவிடக் கூடாது. கடதாசியில் சுற்றித் தருவது அதைவிட மோசம். லயத்துக்குப் பக்கத்தில் மாடு வளர்க்கிற வீடு எது என்று இப்போதே கேட்டு வையுங்கள். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை விடுங்கள், முதலில் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு விழுந்த அடியில் பாற்பல் கழன்றுவிட்டது. அதையும் திரும்ப வைக்கலாமா டொக்டர்?
- ஒரு தந்தை, அப்புத்தளை

பதில்: வேண்டாம். அதற்கு மேலே நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது, அதற்குச் சேதம் வரும். ஆனால் விழுந்த பல் உங்கள் கையில் இருக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் ஈறுக்குள் ஏறிப் புதைந்தும் இருக்கலாம். பிள்ளையை இன்றைக்கே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போங்கள், ஏற்புவலி ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பார்கள்.