ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணி தொடர்ந்து சொதப்பினால், குறை பயிற்சியிலா, வீரர்களின் கவனத்திலா? ரசிகராக உங்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது எது?

பெரும்பாலும் பயிற்சியில்தான் என்பேன். "பசங்களுக்குக் கவனமே இல்லை" என்று ரசிகர்கள் திட்டுவதில் பெரும்பகுதி, பயிற்சியாளர் சொல்லித்தராமல் விட்டது. இல்லையென்றால், சொல்லித்தந்துவிட்டுச் செய்யாதவரைத் தட்டிக்கேட்காமல் விட்டது.

நான் அமெரிக்காவில் படித்த பல்கலைக்கழகத்தின் அணியைத்தான் இன்றுவரை பின்தொடர்கிறேன். பெயர் வேண்டாம், ஊகிப்பவர்கள் ஊகிக்கட்டும். இந்த சீசனில் நாங்கள் தோற்ற ஆட்டங்களில் பல, எதிரணி எங்களைவிட நல்ல அணி என்பதால் தோற்றவை. அதில் எனக்குப் புகார் கிடையாது. உயரமும் வேகமும் அவர்களிடம் இருந்தால் நாம் என்ன செய்ய முடியும்? திறமையே தேவைப்படாத விஷயங்களில் தோற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தடையில்லா ஷாட்) எடுக்கும்போது, கூடையை ஒட்டிய இரண்டு இடங்களும் தடுக்கும் அணிக்குத்தான். விதியே அப்படி. உள்பக்கம் நிற்கும் உரிமையை யாரோடும் மல்லுக்கட்டாமல் நடுவரே உங்களுக்குத் தந்துவிடுகிறார். பந்து கையைவிட்டுப் போனதும் பக்கத்தில் நிற்பவனுக்குக் குறுக்கே ஒரு காலை வைத்து, முதுகால் அவனை அடைத்து நிற்க வேண்டும். பாக்ஸ் அவுட் என்பது அவ்வளவுதான், பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்கள். ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் நாங்கள் இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தோம், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். எங்கள் சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடுபவர், நல்ல உயரம். அவர் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு பந்து போகும் வழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குத்தான் வரும் ஒரு கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்), பக்கவாட்டில் நழுவி உள்ளே வந்து பந்தை எடுத்து, மூலையில் நின்றவரிடம் தள்ளிவிட்டார். மூன்று புள்ளி. அப்புறம் என்ன, தோல்விதான்.

வர்ணனையாளர் உடனே "கவனம் சிதறிவிட்டது" என்றார். ஒரு முறை நடந்தால் சரி, சிதறல்தான். ஆனால் அடுத்த வாரமும் இதே சென்டர், அதற்கடுத்த வாரம் வேறொரு ஃபார்வர்டு இதையே செய்தால் அதற்குப் பெயர் பழக்கம். நல்ல பயிற்சியாளர் யாராக இருந்தாலும், பந்தை அண்ணாந்து பார்த்த அடுத்த நொடியே அந்தப் பையனைப் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். எங்கள் ஆள் கைதட்டி "பரவாயில்லை, பரவாயில்லை" என்கிறார்.

இன்னொன்று, கூடைக்குக் கீழே எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும் இன்பவுண்ட் ஆட்டம். இதைத் தடுப்பது கொஞ்சம் சிக்கலான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரணி எந்தெந்த அமைப்பில் வரும் என்பதெல்லாம் வீடியோவில் இருக்கும். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அதற்காகவே உட்கார்ந்து அவர்களுடைய பழைய ஆட்டங்களைப் பார்த்து ஸ்கவுட்டிங் குறிப்பு எழுதுகிறார். அப்படியிருந்தும் ஒரே பாதியில் ஒரே அமைப்பில், அதே ஆளுக்கு அதே மூலையில் இரண்டு முறை ஷாட் கொடுத்தோம். இரண்டாவது முறை வந்தது டைம் அவுட் முடிந்த கையோடு! ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் மிச்ச நேரம் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே போனதும் முதலில் ஆட்டம் நிற்கும்போது தொலைக்காட்சிக்காக டைம் அவுட் வரும். பயிற்சியாளர் கேட்டு வாங்கும் டைம் அவுட்டுகள் தனி. பேசிச் சரிசெய்ய இவ்வளவு நேரம் கிடைத்தும் திரும்பி வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்றால், அந்த வட்டத்துக்குள் என்னதான் பேசினார்கள்?

எல்லாத் தோல்வியையும் பயிற்சியின் தலையில் கட்டுவதும் தப்பு. ரசிகர்கள் ஷாட் விழாததைப் பார்த்துத்தான் அதிகம் கத்துகிறார்கள். அதில்தான் பயிற்சியாளரின் கை மிகக் குறைவு. திறந்த இடத்தில் நின்று போட்ட நல்ல மூன்று புள்ளி ஷாட் வளையத்தில் பட்டு வெளியே வந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2018-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியைவிடத் தயாரிப்பில் ஒழுங்கான அணி நாட்டிலேயே இல்லை என்று சொல்லலாம். 31 வெற்றி, 2 தோல்வியோடு, சீசன் முடிவில் நடக்கும் தேசியப் போட்டிக்குள் முதல் நிலை அணியாக வந்தவர்கள். முதல் சுற்றில் 16-ஆம் நிலையில், அதாவது கடைசி நிலையில், இருந்த யு.எம்.பி.சி. என்ற பல்கலைக்கழக அணி அவர்களை 74-54 என்று துவைத்தெடுத்தது. இடைவேளையில் 21-21 என்று சமநிலை. அதற்கப்புறம் எதிரணி எறிந்ததெல்லாம் விழுந்தது, இவர்கள் எறிந்தது விழவில்லை. முக்கியமான ஆட்டக்காரர் டி'ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிவால் ஆடவே இல்லை. அதே பயிற்சியாளர் டோனி பென்னட், பெரும்பாலும் அதே பையன்கள், அடுத்த வருடம் சாம்பியன் ஆனார்கள். அந்த இரவை வைத்து அவர்களுக்குத் தயாரிப்பு இல்லை என்று யாராவது எழுதியிருந்தால் அசடு வழிந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் நான் பார்ப்பது ஷாட் விழுகிறதா என்பதை அல்ல. விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எதிரணி எடுத்ததும் நம் ஆட்கள் எத்தனை பேர் திரும்பி ஓடுகிறார்கள்? எதிரணி ஆள் நம் ஆளின் வழியை மறித்து நிற்கும் ஸ்கிரீன் வரும்போது பின்னால் நிற்பவர் வாய்விட்டுக் கத்தி எச்சரிக்கிறாரா? ஷாட் எடுக்கத் தரப்படும் 30 நொடியில் (ஷாட் கிளாக்) 18 போன பிறகும் கார்டு பெஞ்சைப் பார்த்து "எந்த ஆட்டம்?" என்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறாரா? கடைசியாகச் சொன்னது எங்கள் ஆட்களின் தனிச் சிறப்பு. ஐந்து பேரில் மூவர் ஓர் அமைப்பை ஆட, இரண்டு பேர் வேறொன்றை ஆடிக்கொண்டிருப்பதை மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். தொலைக்காட்சியில் அவ்வளவாகத் தெரியாது, கேமரா பந்தின் பின்னாலேயே போகும்.

பயிற்சிக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 14 மணி நேரம். அதற்குள் எடைப் பயிற்சி, வீடியோ பார்ப்பது, எதிரணிக்கான ஒத்திகை எல்லாம் அடக்கம். ஜனவரி வந்துவிட்டால் அடிப்படைகளுக்கு என்று தனியாக நேரம் ஒதுக்குவது கஷ்டம்தான்.

ஆனால் இந்த 14 மணி நேரம் எல்லா அணிக்கும் பொதுவாயிற்றே. அதில் எதைச் செய்வது என்ற தேர்வு பயிற்சியாளருடையது. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியின் பழைய பயிற்சியாளர் ஜான் வுடன் பயிற்சியை நிமிடக் கணக்கில் சிறு அட்டைகளில் எழுதிவைத்து நடத்தியவர். புது வீரர்களுக்கு முதல் நாள் அவர் சொல்லித்தந்தது காலுறையைச் சுருக்கம் விழாமல் போடுவது எப்படி என்பதை. சுருக்கம் விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. 1964-க்கும் 1975-க்கும் இடையே 10 தேசியப் பட்டங்கள். எங்கள் அணிக்கு இப்போது அறுபதுக்கு மேல் அமைப்புகள் இருப்பதாகப் பயிற்சியாளர் ஒரு பேட்டியில் பெருமையாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து போதும் சாமி, பத்தையும் ஐந்து பேரும் சேர்ந்து ஆடினால் போதும்.

அடுத்த சாக்கு, வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். இது வெறும் சாக்கு இல்லை, உண்மையும் இருக்கிறது. 2021 முதல் வீரர்கள் ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்காராமல் உடனே ஆடலாம் என்றானது. 2024-ல் எத்தனை முறை மாறினாலும் பரவாயில்லை என்றானது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் செய்யலாம். விளைவு, ஏப்ரலில் பாதி அணி கிளம்பிப் போகிறது, இலையுதிர் காலத்தில் பாதிப் பேர் புது முகங்கள். ஒருவர் எந்தப் பக்கம் பாஸ் கேட்பார் என்றே இன்னொருவருக்குத் தெரியாது. அவர்கள் பழக டிசம்பர்வரை நேரம் கொடுக்கத்தான் வேண்டும். பிப்ரவரியிலும் அதையே சொன்னால் எப்படி?

பழகிய அணி என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழக அணி 2022 தேசிய இறுதி ஆட்டத்தில் கான்சாஸிடம் 72-69 என்று தோற்றது. தொடக்க ஐவரில் நான்கு பேர் அடுத்த வருடமும் திரும்பி வந்தார்கள். சீசனுக்கு முன் தரவரிசையில் முதலிடம் கொடுத்தார்கள். 20 வெற்றி, 13 தோல்வி, தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை. 1985-ல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கி இப்படி வெளியே நின்ற முதல் அணி அதுதான். அந்த வருடம் அவர்களுடைய ரசிகர்கள் எப்படிப் புலம்பியிருப்பார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

கவனக்குறைவு என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லவில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். நடுராத்திரி விமானத்தில் இறங்கிக் காலையில் வகுப்புக்குப் போகிறார்கள். 2024-ல் கான்ஃபரன்ஸ்களை, அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிக் குழுக்களை, கலைத்துப்போட்ட பிறகு மேற்குக் கரையில் இருக்கும் யு.சி.எல்.ஏ.வும் ஓரிகனும் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன, ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. ஒரு வார நாள் ஆட்டத்துக்காக நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. அப்படிப் பறந்து வந்தவர்கள் இரண்டாம் பாதியில் கால் இழுத்தால் அதைக் கவனமின்மை என்று நான் எழுத மாட்டேன், அது களைப்பு. ஏழே பேரை வைத்து நாற்பது நிமிடத்தையும் ஓட்டுவது என்று முடிவெடுத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

எனக்கு அதிகம் கடுப்பேற்றுவது ஆட்டத்துக்குப் பிறகு வரும் பத்திரிகையாளர் சந்திப்பு. "இன்று பையன்கள் தயாராக வரவில்லை, அந்த வேகம் இல்லை" என்று பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்குகிறார். ஐயா, தயார்படுத்துவதுதானே உங்கள் வேலை? அதற்குத்தானே பல மில்லியன் டாலர் சம்பளம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை விட்டுவிட்டு ஆடுபவர்களையே கோணல் என்கிறார். அங்கே இருக்கும் நிருபர்களில் ஒருவராவது "சென்ற வாரம் இன்பவுண்ட் தடுப்புக்கு எத்தனை நிமிடம் பயிற்சி செய்தீர்கள்?" என்று கேட்க மாட்டாரா என்று காத்திருக்கிறேன். "இன்றைய தோல்வியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள்.

வீரர்களின் சமூக வலைப் பக்கங்களில் போய்த் திட்டுபவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். பணம் வாங்குகிறான், அதனால் திட்டலாம் என்பது வாதமே இல்லை.

அப்படியானால் பயிற்சியாளரை இப்போதே தூக்கிவிடலாமா? சீசன் நடுவில் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்காக ரொம்ப நாள் பொறுப்பதும் ஆபத்து. லூயிவில் பல்கலைக்கழக அணிக்கு 2022-23-ல் 4 வெற்றி, 28 தோல்வி. இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று பார்த்தார்கள், 8 வெற்றி, 24 தோல்வி. பிறகு புதுப் பயிற்சியாளராகப் பேட் கெல்ஸி வந்தார், கிட்டத்தட்ட முழு அணியையும் புதிதாகச் சேர்த்தார், முதல் வருடமே 27 வெற்றி. அதே போர்ட்டல், அதே 20 மணி நேரம். சில மாதங்களில் ஓர் அணியை ஒழுங்காகத் தடுக்கவும் ஓடவும் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் நிர்வாகம் மார்ச்சில் உட்கார்ந்து பேசும்போது இதையும் மேசையில் வைக்கட்டும்.

பார்ப்பதை நிறுத்திவிட்டீர்களா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இல்லை. காரணம் 2024-ன் வட கரோலினா ஸ்டேட் அணி (மேலே சொன்ன வட கரோலினா வேறு). வழக்கமான சீசனின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. கான்ஃபரன்ஸ் போட்டியை வென்றால் மட்டுமே தேசியப் போட்டிக்குப் போக முடியும், அதற்கு ஐந்து நாளில் ஐந்து வெற்றி வேண்டும். அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் மூன்று புள்ளி பின்தங்கி, சில நொடிகளே மிச்சம். வர்ஜீனியா ஆள் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். ரீபவுண்டை ஸ்டேட் அணி விடவில்லை. மைக்கேல் ஓ'கானல் ஓடிவந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. கூடுதல் நேரத்தில் வென்று, மறுநாள் பட்டத்தையும் வென்று, அங்கிருந்து தேசிய அரையிறுதிவரை போனார்கள்.

எங்கள் கான்ஃபரன்ஸ் போட்டிக்கும் டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டது. நான் முதல் நாளுக்கு மட்டும் எடுத்திருக்கிறேன்.