ஆன்லைன் விளையாட்டில் பிறருடைய அலங்கார உடையை நம் திரையில் மறைத்துக்கொள்ள வசதி வேண்டுமா?

வேண்டும், ஆனால் எதிரியின் உடைக்கு மட்டும். கூட்டாளியின் உடையை மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் என் அக்கா மகன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். போன விஷுவுக்குக் கிடைத்த கைநீட்டப் பணத்தில் அவன் ஒரு சண்டை விளையாட்டில் ஸ்கின் எனப்படும் அலங்கார உடை வாங்கினான். தோளில் இறகு, இடுப்பில் சிவப்புக் கச்சை. வாங்கிய கையோடு என்னை ஆட்டத்துக்கு இழுத்து, என் எதிரே வந்து நின்று, "மாமா, தெரிகிறதா?" என்றான். என்னுடையது பழைய போன். கிராபிக்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துத்தான் ஆடுவேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர் மேடமாத வெயிலுக்கு அது தோசைக்கல்லாகிவிடும். அதில் அவன் சாம்பல் பூசிய சாக்குமூட்டை மாதிரி நின்றான். திண்ணையின் மறுகோடியிலிருந்து எழுந்து வந்து என் போனை வாங்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தான். "இறகே வரவில்லையே!"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஆட்டத்தில் அவன் திரையில் அவனுக்குத் தெரிவது அவனுடைய முதுகுதான். முன்பக்கத்து அழகெல்லாம் எதிரே நிற்பவனுக்கு. காசு அவனுடையது, காட்சி என்னுடையது. கூட ஆடுகிறவனே அதை மறைத்துவிட்டால் அவன் எதை வாங்கினான்?

எதிரி விஷயம் வேறு. அவனைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிய வேண்டும். கதகளியில் பச்சை வேஷம் மேடைக்கு வந்தால் நளன், அர்ஜுனன் போன்ற நாயகன். கத்தி வேஷம் என்றால் இராவணன், துரியோதனன் வகை. சிவப்புத் தாடி வந்தால் துச்சாதனனாக இருக்கலாம். பாடப்படும் பதம் புரியாத எங்கள் வீட்டுப் பாட்டிக்கும் ஆள் இன்ன தரம் என்று தெரிந்துவிடும். 2007இல் வெளிவந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டை வரைந்தவர்களும் இதையே செய்தார்கள். ஒன்பது வகை வீரர்களையும் நிழலுருவை வைத்தே இனம் காணலாம். தடியன் வருகிறானா, மருத்துவன் வருகிறானா என்பது தூரத்திலேயே தெரியும், அதற்கேற்ப ஓடலாம் அல்லது நிற்கலாம். 2009இல் அதற்குள் தொப்பிகள் வந்தன. பிறகு தொப்பிக்கு மேல் தொப்பி.

தொப்பியையாவது பொறுத்துக்கொள்ளலாம். கால் ஆஃப் டூட்டி வார்சோனில் ரோஸ் என்ற பாத்திரத்துக்கு ஒரு கன்னங்கரிய உடை இருந்தது. அதைப் போட்டவன் இருட்டு மூலையில் பதுங்கினால் கண்ணுக்கே படமாட்டான். எல்லோரும் கூச்சலிட்ட பிறகு அதன் தோற்றத்தை மாற்றினார்கள். அலங்காரம் என்று விற்றது ஆயுதமாகிவிட்டது. இதில் வாங்கியவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, விற்றவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

தீர்வு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கில்ட் வார்ஸ் 2 விளையாட்டில், மனிதரோடு மனிதர் மோதும் ஆட்டங்களில் எதிரிகளை எல்லாம் பொது உருவத்தில் காட்டும் அமைப்பு இருக்கிறது. விருப்பப்பட்டவர் போட்டுக்கொள்கிறார். உடை வாங்கியவனுக்கு நட்டமில்லை. அவன் திரையிலும் அவன் தோழர் திரையிலும் அது அப்படியே இருக்கும்.

பிறகு ஏன் விளையாட்டு விற்கும் எல்லோரும் இதை வைப்பதில்லை? வயிற்றுப்பாடுதான். 2006இல் ஆப்ளிவியன் விளையாட்டில் குதிரைக் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது ஊரே சிரித்தது. இன்று இலவச விளையாட்டுகள் பலவற்றுக்கும் அந்தக் கவச வியாபாரமே சோறு. பார்க்க ஆளில்லாத உடையை யார் வாங்குவார்கள் என்ற அவர்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் என்னைச் சுட வருகிறவனின் மினுமினுப்பை ரசித்துப் பார்க்கும் கடமை எனக்குக் கிடையாது.

ஓணத்துக்குள் போனை மாற்றிவிடச் சொல்லி அக்கா மகன் நச்சரிக்கிறான். இறகு பார்க்கப் பதினைந்தாயிரமா என்று அக்கா திட்டுகிறாள், அவனையல்ல, என்னை.