வாசகர் கேள்வி: "இதைப் படிக்கவா நாலு வருஷம்?"

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகையில் பல்கலைக்கழகத்தில் நீடித்த வேளாண்மை படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அப்பா, "பயிரை மாற்றிப் போடு, எருப் போடு... இதெல்லாம் உன் தாத்தா செய்ததுதானே? இதைப் படிக்கவா நாலு வருஷம்?" என்கிறார். பதில் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பிலும் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள். மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை போய்விடுமே என்ற பயம் வேறு. என்ன செய்ய?

பதில்: தம்பி, உங்கள் அப்பா கேட்டது நல்ல கேள்வி. என் அப்பாவும் கேட்டிருக்க வேண்டியது. அவர் கேட்காமல் விட்டதால் வந்த வினையைச் சொல்கிறேன்.

நானும் வீட்டில் முதல் பட்டதாரிதான். முதலாண்டு விடுமுறையில், அறுவடை முடிந்து தாளை எரிக்கக் கிளம்பியவரைத் தடுத்தேன். "மடக்கி உழுது உடனே விதைக்கலாம், மண்ணுக்கு நல்லது" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. மட்காததைப் போட்டால் பயிர் வெளுக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், படித்த பிள்ளை சொல்கிறானே என்று விட்டுக்கொடுத்தார். மூன்றாவது வாரம் வயல் முழுக்க மஞ்சள். அவர் திட்டவில்லை. காலையில் ஒரு வாளி யூரியாவோடு வயலில் இறங்கினார், அவ்வளவுதான். அந்த வாளி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

காரணம் அடுத்த செமஸ்டரில்தான் புரிந்தது. தானியப் பயிரின் தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறக்குறைய 80 பங்கு கரிமம் (கார்பன்). அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கோ 25 பங்கு கரிமத்துக்கே ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். பற்றாததை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். சில வாரம் பொறுத்து விதைத்திருந்தாலோ, தழைச்சத்து மிகுந்த பயறுச் செடியையும் சேர்த்து மடக்கியிருந்தாலோ இந்த வம்பு இல்லை. வெளுக்கும் என்பது அப்பாவுக்குத் தெரிந்தது. ஏன், எத்தனை நாளைக்கு என்பதைக் கல்லூரியில்தான் கற்றேன்.

இன்னொன்று, மண் அவசரப்படாது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843இல் கோதுமை வயலில் தொடங்கிய சோதனை இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் கண்ட பாத்தியில், உரமே காணாத பாத்தியைவிட மண்ணில் மட்கிச் சேர்ந்த கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது ஏறப் பல பத்தாண்டுகள் ஆயின. அடுத்த அறுவடையை நம்பி வாழ்கிற அப்பாவிடம் இதை மறைக்காதீர்கள்.

வகுப்புக் கூச்சம் பற்றி: சரளமாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் மஞ்சளடித்த பயிரைக் கிட்ட நின்று பார்த்திருப்பார்கள்? அப்பா சொன்னதையே கேள்வியாக்கி ஆசிரியரிடம் கேளுங்கள். கூட்டத்தில் முடியாவிட்டால் அவர் அறையில் போய். உதவித்தொகைக் கடிதத்தையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள்: எவ்வளவு மதிப்பெண், சறுக்கினால் முறையிட வழி உண்டா என்று. தடுமாறினால் தேர்வுக்கு முன்பே துறையில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அடுத்த விடுமுறையில் காய்ந்த மண்கட்டி இரண்டு எடுங்கள். உழுத வயலில் ஒன்று, புல் மண்டிய வரப்பில் ஒன்று. இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். பெரும்பாலும் வயல் கட்டி சில நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகும். வரப்புக் கட்டியை வேரும் பூஞ்சை இழையும் பிடித்து வைத்திருக்கும், அது நிற்கும். விளக்கம் எதுவும் சொல்லாமல் அப்பா முன்னால் செய்யுங்கள். நான் செய்தபோது என் அப்பா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார், எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்றாவது கட்டி, எருக்குழி ஓரத்திலிருந்து. "இதையும் போடு" என்றார்.